கர்னல் பேட்ச்: எழுதியாகிவிட்டது, வந்து சேர்ந்ததா?

2021 ஏப்ரலில் ஜெர்மனியிலுள்ள ஒரு வெப் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு வாடிக்கையாளரிடமிருந்து ஒரு புகார் வந்தது. தளத்தின் லாக் கோப்பை (வருகைப் பதிவை) இறக்கினால் அதை விரிக்க முடியவில்லை, பிழை காட்டுகிறது என்பது புகார். அங்கே நிரலாளராக இருந்த மேக்ஸ் கெல்லர்மான் கோப்பைத் திறந்து பார்த்தார். உள்ளே இருந்த தகவல் சரியாகவே இருந்தது. கோப்பின் கடைசியில் வரும் சரிபார்ப்பு எண் மட்டும் தவறு. கையாலேயே அதைத் திருத்திக் கொடுத்துப் புகாரை முடித்துவைத்தார். சில மாதங்கள் கழித்து அதே புகார் மறுபடி வந்தது. அதற்குப் பிறகும் வந்தது.

ஒரு கட்டத்தில் அவர் சேமிப்பிலிருந்த லாக் கோப்புகள் மொத்தத்தையும் சோதித்தார். மூன்று மாதக் கோப்புகளில் 37 கெட்டிருந்தன. தேதிவாரியாகப் பார்த்தால் நவம்பர் 30-இல் 7, டிசம்பர் 31-இல் 6, ஜனவரி 31-இல் 4. மற்ற நாட்களில் பெரும்பாலும் ஒன்றே ஒன்று. மாதக் கடைசியில் மட்டும் ஏன் இத்தனை? கெட்ட கோப்பு ஒவ்வொன்றிலும் மாறியிருந்தது கடைசி 8 பைட்டுகள் மட்டுமே. எல்லாக் கோப்பிலும் அதே 8 பைட்டுகள். ஜிப் கோப்பின் உள்ளடக்கப் பட்டியல் தொடங்கும் இடத்தில் வரும் அடையாளம் அது.

அந்த நிறுவனத்தில் தினசரி லாக் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். வாடிக்கையாளர் கேட்டால், ஒரு சிறு நிரல் அந்த மாதத்துக் கோப்புகளை வரிசையாகக் கோத்து ஒரே ஜிப்பாக அனுப்பும். மாதத்தின் கடைசி நாள் கோப்பு முடிந்ததும் உள்ளடக்கப் பட்டியலை எழுதும். அந்தப் பட்டியலின் தலைப்பகுதிதான் எப்படியோ பின்னோக்கிப் போய் மூலக் கோப்பின் மேலேயே விழுந்திருக்கிறது. ஆனால் அந்த நிரலுக்கு லாக் கோப்புகளைப் படிக்க மட்டுமே அனுமதி; எழுத அனுமதியே கிடையாது. எழுத அனுமதியில்லாத நிரலின் வெளியீடு ஒரு கோப்பை மாற்றுகிறது என்றால் தவறு நிரலில் இருக்க முடியாது. யார் எதைத் தொடலாம், தொடக்கூடாது என்று முடிவுசெய்வது கர்னல், அதாவது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதி. தவறு அங்கேதான்.

உறுதிப்படுத்திக்கொள்ள கெல்லர்மான் இரண்டு குட்டி நிரல்கள் எழுதினார். ஒன்று, ஒரு கோப்பில் ஆங்கில ‘ஏ’ எழுத்தை மட்டும் எழுதிக்கொண்டே இருக்கும். இன்னொன்று, அந்தக் கோப்பை வாசித்து ஒரு பைப்புக்குள் (ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் வழி அது) தள்ளி, கூடவே ‘பி’ எழுத்தை அதே பைப்பில் எழுதும். கோப்பில் ‘பி’ வரவே கூடாது. வந்தது.

காரணம் இதுதான். டிஸ்க்கிலிருந்து படித்த கோப்பின் பகுதிகளை கர்னல் நினைவகத்தில் ஒரு நகலாக வைத்துக்கொள்ளும். பேஜ் கேஷ் என்பார்கள். அடுத்த முறை யார் அந்தக் கோப்பைக் கேட்டாலும் இந்த நகலைத்தான் கொடுக்கும். கோப்பை பைப்புக்குள் அனுப்பும்போது வேகத்துக்காக ஒரு குறுக்குவழி உண்டு. தகவலை நகலெடுக்காமல், பேஜ் கேஷின் அந்தப் பக்கத்தையே பைப்பில் கோத்துவிடுவார்கள். அதே பைப்பில் அடுத்து ஒருவர் எதையாவது எழுதினால் அது புதிய பக்கத்தில் போக வேண்டும். கோத்த பக்கத்தில் ஒட்டக்கூடாது. ஒட்டலாமா கூடாதா என்பதைச் சொல்ல ஒரு கொடி உண்டு. பைப்பின் அறைகள் சுழற்சியில் மறுபடி மறுபடி பயன்படுபவை. புதிய பக்கத்தைக் கோக்கும்போது பழைய கொடியை அழிக்க மறந்திருந்தார்கள். முன்பு அந்த அறையில் ‘ஒட்டலாம்’ என்று இருந்திருந்தால் அது அப்படியே நின்றுவிடும். அப்புறம் எழுதுவதெல்லாம் நேராகப் பேஜ் கேஷில் விழும்.

இந்தத் தவறு ஒரே நாளில் உண்டானதில்லை. கொடியை அழிக்காமல் விட்டது 2016-இல், 4.9 பதிப்பில். அப்போது அந்தக் கொடியில் ஆபத்தான எதுவும் இல்லை. நான்கு வருடம் யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை. 2020-இல் 5.8 பதிப்புக்காக யாரோ நிரலை ஒழுங்குபடுத்தி, ‘ஒட்டலாம்’ என்ற குறிப்பைக் கொடியாக மாற்றினார்கள். தனியாகப் பார்த்தால் அதுவும் நல்ல மாற்றம்தான். குற்றம் சொல்ல முடியாத இரண்டு மாற்றங்கள் சேர்ந்தபோது, படிக்க மட்டும் உரிமையுள்ள சாதாரணப் பயனர் கடவுச்சொல் கோப்பை மாற்றி நிர்வாகியாகிவிடும் வழி திறந்தது. மாற்றம் நினைவகத்தில் மட்டும் இருப்பதால் ரீபூட் செய்தால் தடயமும் போய்விடலாம். டர்ட்டி பைப் என்று இன்று அறியப்படுவது இந்த ஓட்டைதான்.

இதை அடைத்த பேட்ச், அதாவது நிரல் திருத்தம், இரண்டே வரி. கொடியைப் பூஜ்யமாக்கும் ஒரு வரி, இரண்டு இடங்களில்.

2022 பிப்ரவரி 20 அன்று கெல்லர்மான் பேட்ச்சோடு கர்னலின் பாதுகாப்புக் குழுவுக்கு எழுதினார். ஆண்ட்ராய்டிலும் உள்ளே இருப்பது லினக்ஸ் கர்னல்தான்; மறுநாளே கூகுளின் பிக்சல் 6 போனிலும் இதே ஓட்டை இருப்பதைக் காட்டினார். 23-ஆம் தேதி 5.16.11, 5.15.25, 5.10.102 என்று திருத்திய பதிப்புகள் வெளியாகின. 24-ஆம் தேதி கூகுள் ஆண்ட்ராய்டு கர்னலில் பேட்ச்சைச் சேர்த்தது. மார்ச் 7 அன்று விவரம் முழுதும் வெளியானது. அதாவது தெரிவித்து மூன்றே நாளில் திருத்தம் தயார். ஆனால் பிக்சல் 6 வைத்திருந்தவர்களுக்கு அது கிடைத்தது மே மாத அப்டேட்டில். எப்படித் தாக்குவது என்று ஊருக்கெல்லாம் தெரிந்து இரண்டு மாதம் அந்தப் போன்கள் திறந்து கிடந்தன.

கர்னல் பாதுகாப்பு என்றதும் பேச்செல்லாம் ஓட்டையைக் கண்டுபிடிப்பதைப் பற்றியும் அடைப்பதைப் பற்றியும்தான் போகிறது. அந்த இரண்டும் இன்று நன்றாகவே நடக்கின்றன. எழுதிய பேட்ச் நம் கையிலுள்ள கருவிக்கு வந்து சேரும்வரை போகிற காலத்தில்தான் ஆபத்து குடியிருக்கிறது என்பது என் கருத்து.

கர்னல் பேட்ச்கள் பொதுவெளியில் எழுதப்படுபவை. யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், தாக்குபவரும் வாசிக்கலாம். ஆகவே பேட்ச் வெளியாகும் தருணமே ஓட்டை எங்கே இருக்கிறது என்று காட்டும் தருணமும்கூட. டர்ட்டி பைப் பேட்ச்சைப் பொதுவெளிக்கு அனுப்பியபோது, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் உள்ளிட்டோர் சொன்னபடி, பாதுகாப்புப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல்தான் கெல்லர்மான் அனுப்பினார். இப்படி மறைப்பது சில நாட்களுக்குத்தான் எடுபடும். மெல்ட்டவுன் ஓட்டைக்கான திருத்தம் 2017 கடைசியில் கர்னலில் வழக்கத்துக்கு மாறான அவசரத்தோடு சேர்க்கப்பட்டதைப் பார்த்தே, இன்டெல் சிப்புகளில் பெரிதாக ஏதோ இருக்கிறது என்று வெளியிலிருந்தவர்கள் ஊகித்துவிட்டார்கள். 2018 ஜனவரி 9 வரை காக்கவிருந்த ரகசியம் 3-ஆம் தேதியே வெளியே வந்தது.

சரி, அப்படியானால் எந்தப் பேட்ச் பாதுகாப்புப் பேட்ச், எது சாதாரண பக் (நிரல் பிழை) திருத்தம் என்று கர்னல்காரர்கள் பிரித்துச் சொல்லி, அவசரமானதை மட்டும் முதலில் அனுப்பச் சொல்லலாமே? இந்தக் கேள்வி பல வருடச் சண்டை. பாதுகாப்பு பக்கும் ஒரு பக்தான், அதற்குத் தனி மரியாதை எதற்கு என்பது டோர்வால்ட்ஸின் நிலை. 2008-லேயே இதைக் காட்டமாக எழுதியிருக்கிறார். பாதுகாப்புத் துறையினர் பலருக்கு அது பிடிக்கவில்லை. பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறார்கள் என்றார்கள்.

எனக்கு கர்னல்காரர்கள் பக்கம்தான் நியாயம் அதிகம் தெரிகிறது. ‘கொடியை அழிக்க விட்டுப்போயிருக்கிறது, அழிக்கிறேன்’ என்று ஒரு வரிப் பேட்ச் வரும்போது, நாளைக்கு இதை வைத்து ஒருவர் நிர்வாகியாக முடியுமா என்று அந்த நேரத்தில் சொல்ல யாராலும் முடியாது. மூன்று கோடி வரிகளுக்கு மேலுள்ள நிரல் அது. ஒவ்வொரு புதிய பதிப்பிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள் சேர்கின்றன. புதிய பதிப்பு ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒன்று வருகிறது. விடுவித்த நினைவகத்தை மறுபடி தொடுவது, எண் எல்லை மீறுவது, பூட்டை ஒரு கணம் முன்னால் திறந்துவிடுவது இவையெல்லாம் கர்னல்காரர்களுக்கு அன்றாடத் திருத்தங்கள். அதில் எது ஆயுதமாகும் என்பது தாக்குபவரின் திறமையைப் பொறுத்தது. பிரித்துப் பட்டியல் போட்டால், பட்டியலில் இல்லாதது பாதுகாப்பானது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். அந்த நினைப்புதான் ஆபத்து.

எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஆண்ட்ராய்டின் பைண்டர் விவகாரத்தைப் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டில் ஆப்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான கர்னல் பகுதி பைண்டர். எந்த ஆப்பாலும் அதைத் தொட முடியும். தாறுமாறான அழைப்புகளை விடாமல் கொடுத்து கர்னலைச் சோதிக்கும் கூகுளின் தானியங்கிக் கருவியான சிஸ்காலர், 2017 நவம்பரில் பைண்டரில் ஒரு பக்கைப் பிடித்தது. ஒரு திரெட் (நிரலுக்குள் ஓடும் ஒரு தனி ஓட்டம்) முடிந்து அதன் நினைவகத்தை விடுவித்த பிறகும், அதைக் கவனித்துக்கொண்டிருந்த இன்னொரு பகுதி அந்த முகவரியை விடாமல் வைத்திருந்தது. 2018 பிப்ரவரியில் திருத்தினார்கள். பல வருடம் திருத்தங்கள் பெறும் 4.14 நீண்டகாலப் பதிப்பிலும், ஆண்ட்ராய்டின் 3.18, 4.4, 4.9 பொதுக் கர்னல்களிலும் பேட்ச் சேர்ந்தது. சாதாரண பக் என்று கருதியதால் அதற்கு சிவிஇ எண் எதுவும் இல்லை. ஓட்டைகளுக்கு உலகம் முழுக்கப் பொதுவாகக் கொடுக்கும் அடையாள எண் அது. மாதாந்திரப் பாதுகாப்பு அறிக்கைகள் அதை வைத்துத்தான் தயாராகின்றன. எண் இல்லை என்பதால் ஆண்ட்ராய்டின் பாதுகாப்பு அறிக்கையிலும் அது வரவில்லை. போன் தயாரிப்பாளர்கள் பலரும் எடுத்துக்கொள்ளவில்லை.

2019 செப்டம்பர் கடைசியில் ஓட்டைகளைத் தேடும் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழுவைச் சேர்ந்த மேடி ஸ்டோன், இந்த ஓட்டை வழியாகத் தாக்குதல் நடந்துகொண்டிருப்பதாகத் தெரிவித்தார். உளவு மென்பொருள் விற்கும் இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனத்தின் பெயர் அடிபட்டது, நிறுவனம் மறுத்தது. பாதிக்கப்பட்ட போன்களின் பட்டியலில் பிக்சல் 2, சாம்சங் எஸ்7 முதல் எஸ்9 வரை, இந்தியாவில் ஏராளமாக விற்ற ரெட்மி 5ஏ, ரெட்மி நோட் 5 எல்லாம் இருந்தன. அன்றுவரை வந்த அப்டேட் அத்தனையும் போட்ட பிக்சல் 2-விலும் ஓட்டை இருந்தது. கூகுளின் கருவி கண்டுபிடித்து, கூகுளின் பொதுக் கர்னலிலும் அடைத்து, ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகியும் கூகுளின் சொந்தப் போனுக்கு வந்து சேராத பேட்ச் அது. அதை வைத்துத் தாக்கப்பட்டவர்களிடம், ‘இது எப்போதோ சரிசெய்த பக்’ என்று யாரால் சொல்ல முடியும்?

கர்னல்காரர்களும் எண்களைப் பார்த்துத்தான் உலகம் இயங்குகிறது என்பதை ஏற்றுக்கொண்டார்கள் போலிருக்கிறது. 2024 பிப்ரவரியில் சிவிஇ எண்களைத் தாங்களே வழங்கும் உரிமையை வாங்கினார்கள். பாதுகாப்போடு கொஞ்சமாவது தொடர்பிருக்கக்கூடிய திருத்தம் எதுவானாலும் எண் கொடுத்துவிடுவது என்று முடிவு. விளைவாக, அந்த வருடமே கர்னலுக்கு ஆயிரக்கணக்கில் எண்கள் வந்தன. நிறுவனங்களில் ஒவ்வொரு எண்ணையும் உட்கார்ந்து ஆராய்பவர்கள் திணறினார்கள். கர்னல்காரர்களின் பதில் மாறவில்லை: பொறுக்கி எடுக்காதீர்கள், நிலைப்பதிப்பு (வெளியான பதிப்பில் திருத்தங்களைச் சேர்த்து வருவது) வந்தால் முழுதாகப் போட்டுவிடுங்கள்.

அந்த நிலைப்பதிப்பு எப்படி உருவாகிறது என்பது முக்கியம். டோர்வால்ட்ஸின் முதன்மைக் கர்னலில் ஒரு திருத்தம் சேர்ந்த பிறகுதான் பழைய பதிப்புகளுக்கு அது போகலாம் என்பது விதி. பழைய பதிப்பில் மட்டும் அடைத்து, புதியதில் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக. நிலைப்பதிப்புகளைப் பராமரிக்கும் கிரெக் க்ரோவா-ஹார்ட்மனும் சாஷா லெவினும் அந்தத் திருத்தங்களை எடுத்து 5.15, 6.1, 6.6 போன்ற பதிப்புகளில் பொருத்துகிறார்கள். ஒரு தவணையில் நூறு, இருநூறு பேட்ச்கள்கூட இருக்கும். பெரும்பாலும் இரண்டு நாள் அவகாசம் கொடுப்பார்கள். பலரும் தங்கள் கணினிகளில் ஓட்டிப் பார்த்து, சரி என்று சொன்னால் வெளியாகும். ஏறக்குறைய வாரம் ஒன்று.

இந்த வேகத்தில் தவறும் நடக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2023 நவம்பர் இறுதியில் வந்த 6.1.64 பதிப்பில் டிஸ்க்கில் கோப்புகளை எழுதி வைக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமைக்கான ஒரு திருத்தம் சேர்க்கப்பட்டது. முதன்மைக் கர்னலில் அது சரியாகவே வேலை செய்தது, ஏனென்றால் அங்கே அதற்கு முன்பே இன்னொரு மாற்றம் போடப்பட்டிருந்தது. 6.1-இல் அந்த முந்தைய மாற்றம் இல்லை. அதனால் கோப்பில் எந்த இடம்வரை எழுதியாகிவிட்டது என்ற கணக்கு தப்பி, தகவல் கெட்டுப்போகும் நிலை உருவானது. அந்தக் கர்னலோடு டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின் 12.3 வெளிவரவிருந்தது டிசம்பர் 9 அன்று. அன்றே வெளியீட்டை நிறுத்தி, திருத்திய கர்னலோடு மறுநாள் 12.4 என்று வெளியிட்டார்கள். டெபியனின் நேர்மையான, வேகமான வேலை அது. ஆனாலும் இப்படி ஒரு நிகழ்வு போதும், ‘அப்டேட் வேண்டாம், ஓடுவது ஓடட்டும்’ என்று சொல்லும் சர்வர் நிர்வாகிக்குப் பத்து வருடத்துக்கான காரணம் கிடைத்துவிடும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நள்ளிரவில் தரவுத்தளம் கெட்டுப்போனால் விழிக்க வேண்டியது அவர்கள்தான்.

திருத்தமே கோணலாகிப்போவது பெரியவர்களுக்கும் நடக்கும். கர்னலில் நெடுங்காலம் இருந்த டர்ட்டி கவ் என்ற ஓட்டையை 2016 அக்டோபரில் அடைத்தபோது, இதே பக்கைப் பதினோரு வருடம் முன்பு தானே மோசமாகத் திருத்த முயன்றதாகவும், வேறொரு வகைக் கணினியில் சிக்கல் வந்ததால் அது நீக்கப்பட்டதாகவும் டோர்வால்ட்ஸ் பேட்ச் குறிப்பிலேயே எழுதினார். அந்த 2016 திருத்தத்திலும் பெரிய நினைவகப் பக்கங்களைக் கையாளும் இடத்தில் ஒரு மூலை விட்டுப்போய், அடுத்த வருடம் தனி பேட்ச் தேவைப்பட்டது.

லினக்ஸைத் தொகுத்து விற்கும் ரெட் ஹேட் போன்ற நிறுவனங்கள் இன்னொரு பாதையில் போகின்றன. 2019-இல் வந்த ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8 இன்றும் 4.18 என்றே காட்டும். ஆனால் உள்ளே இருப்பது அன்றைய 4.18 அல்ல, தேவையான திருத்தங்களை அவர்களே பழைய கர்னலுக்குப் பொருத்தித் தருகிறார்கள். ஆகவே எண்ணை மட்டும் பார்த்து, இது பழசு, ஓட்டையுள்ளது என்று சொன்னால் தவறு. எண் புதிதாக இருக்கிறது, பயமில்லை என்பதும் அதே அளவு தவறு. இப்படிப் பல வருடம் ஒரு பதிப்பைப் பராமரிப்பது கடினமான, நன்றி கிடைக்காத வேலை. நீண்டகாலப் பதிப்புகளுக்கான ஆதரவை ஆறு வருடத்திலிருந்து இரண்டாகக் குறைக்கப்போவதாக 2023-இல் அறிவித்ததற்குப் பராமரிப்பாளர்களின் களைப்பும் ஒரு காரணம்.

ரீபூட் செய்ய முடியாத சர்வர்களுக்கு லைவ் பேட்ச் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் கர்னலில் பழுதான ஃபங்ஷனுக்குப் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) போகும் அழைப்பைத் திருத்திய ஃபங்ஷனுக்குத் திருப்பிவிடும் முறை இது, 2015-இல் 4.0 பதிப்பில் கர்னலிலேயே இதற்கான அடிப்படை சேர்ந்தது. ஆனால் தகவல் கட்டமைப்பையே மாற்றும் திருத்தங்களுக்கு இது சுலபத்தில் ஒத்துவராது. அடுத்த பராமரிப்பு நேரம்வரை தாக்குப்பிடிக்க நல்ல வழி, அவ்வளவுதான். லைவ் பேட்ச் இல்லாத கணினியில் புதிய கர்னலை நிறுவினால் மட்டும் போதாது, ரீபூட் செய்யும்வரை பழையதே ஓடும். அப்டேட் வெற்றி என்ற செய்தியைப் பார்த்துவிட்டு மாதக்கணக்கில் பழைய கர்னலிலேயே ஓடும் சர்வர்கள் நிறைய.

போனில் நிலைமையைத் தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி இருக்கிறது. அமைப்புகளில் ‘போனைப் பற்றி’ பகுதிக்குப் போனால் பாதுகாப்பு அப்டேட் தேதி ஒன்று இருக்கும். கூகுளின் மாதாந்திர அறிக்கையில் பல காலமாக இரண்டு நிலைகள் உண்டு: மாதத்தின் 1-ஆம் தேதியிட்டது, 5-ஆம் தேதியிட்டது. 1 என்றால் ஆண்ட்ராய்டின் மேல் அடுக்குகளுக்கான திருத்தங்கள் வந்திருக்கின்றன என்று பொருள். அந்த மாதத்தின் கர்னல் திருத்தங்களும் சிப் தயாரிப்பாளர்களின் திருத்தங்களும் சேர்ந்திருந்தால்தான் 5 என்று போடலாம். பைண்டர் ஓட்டைக்காகவே 2019 அக்டோபரில் 6-ஆம் தேதி என்று தனியாக ஒரு நிலையை அறிவித்தார்கள். உங்கள் போனில் இந்த மாதத் தேதி 1 என்று முடிந்தால், இந்த மாதத்துக் கர்னல் திருத்தங்கள் அனைத்தும் வந்துவிட்டன என்று எடுத்துக்கொள்ள முடியாது. தேதியே ஒன்றரை வருடம் பழையதாக இருந்தால், அந்தப் போனில் வங்கி ஆப்பை வைத்திருக்க வேண்டாம் என்று என் வீட்டாரிடம் நான் சொல்வேன். புதுப் போன் வாங்குகிறவர்களும் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன்னால், பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் தருவார்கள், மாதம் ஒருமுறையா மூன்று மாதத்துக்கு ஒருமுறையா என்று கேட்டுப் பார்க்கலாம். 2023-இல் வந்த பிக்சல் 8-க்கு ஏழு வருடம் என்று கூகுள் அறிவித்தது. விலை குறைந்த போன்கள் பலவற்றில் இந்தக் காலம் இன்னும் மிகக் குறைவு, நம் ஊரில் அதிகம் விற்பதும் அவைதான்.